ராத்திரி தூங்கும்போது போனை ஆஃப் பண்ணணுமா வேணாமா?

பதில முதல்லயே சொல்லிடறேன். பேட்டரி நல்லா இருக்கணும்னு நெனச்சு ராத்திரி போனை ஆஃப் பண்றீங்கன்னா அது தேவையே இல்ல. தூக்கம் கெடக் கூடாதுன்னு ஆஃப் பண்றீங்கன்னா அதைவிட நல்ல வழி போனுக்குள்ளயே இருக்கு. ரேடியேஷன் பயத்துல பண்றீங்கன்னா தலமாட்டுல இருந்து கொஞ்சம் தள்ளி வெச்சாலே போதும். ஆனா வாரத்துக்கு ஒரு தடவயாவது போனை முழுசா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, அதுக்கு காரணம் வேற, கீழ சொல்றேன். இது எல்லாத்துக்கும் முன்னாடி நீங்க உங்களையே கேட்டுக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: ராத்திரி ரெண்டு மணிக்கு உங்களக் கூப்பிட்டே ஆகணும்ங்கற நெலம யாருக்காவது வருமா?

தனியா இருக்கற அப்பா அம்மா, வெளியூர்ல படிக்கற புள்ள, மாசமா இருக்கற தங்கச்சி, ஆஸ்பத்திரில படுத்திருக்கற சொந்தக்காரர், நைட் ஷிஃப்ட் முடிச்சு வண்டி ஓட்டிட்டு வர்ற புருஷன் இல்ல பொண்டாட்டி, இப்படி ஒருத்தர் இருந்தாலும் போனை ஆஃப் பண்ணாதீங்க. அந்த மாதிரி கால் வருஷத்துக்கு ஒரு தடவ கூட வராம இருக்கலாம், ஆனா வர்ற அன்னிக்கு நீங்க எடுக்கணும், அவ்ளோதான் விஷயம். வீட்ல இன்னொருத்தர் போன் ஆன்ல இருக்கு, உங்களத் தேடறவங்களுக்கு அந்த நம்பரும் தெரியும்னா அது வேற கதை, நீங்க நிம்மதியா ஆஃப் பண்ணிக்கலாம். அந்த நம்பர அவங்க போன்ல சேவ் பண்ணி வெச்சிருக்காங்களான்னு மட்டும் ஒரு தடவ கேட்டு உறுதி பண்ணிக்கோங்க, "தெரியும்"னு சொல்றதுக்கும் அவசரத்துல தேடினா கெடைக்கறதுக்கும் நெறைய வித்தியாசம் இருக்கு.

ஆஃப் பண்ணா என்னெல்லாம் நின்னு போகும்

மொதல்ல அலாரம். பழைய நோக்கியா பட்டன் போன்ல ஆஃப்ல இருந்தாலும் அலாரம் அடிக்கும், அந்த ஞாபகத்துல இன்னும் பல பேர் ஸ்மார்ட்போனும் அப்படித்தான்னு நெனச்சிட்டிருக்காங்க. ஐபோன ஆஃப் பண்ணிட்டா அலாரம் அடிக்கவே அடிக்காது. ஆண்ட்ராய்டுல ஒரு சில மாடல்ல மட்டும் அந்த வசதி இருந்துச்சு, பெரும்பாலான போன்ல கெடையாது. உங்க போன்ல இருக்கான்னு தெரியணும்னா பகல்ல அஞ்சு நிமிஷம் தள்ளி ஒரு அலாரம் வெச்சிட்டு ஆஃப் பண்ணிப் பாருங்க, அடிச்சா அடிக்கும், இல்லன்னா தனியா ஒரு டேபிள் கடிகாரம் வேணும். பரீட்சை, இன்டர்வியூ, ஃப்ளைட்னு இருக்கற காலைக்கு முந்தின ராத்திரி இதப் போய் சோதிச்சுப் பாக்காதீங்க.

அடுத்தது பேக்கப், அதாவது போன்ல இருக்கறத எல்லாம் வேற எடத்துல நகல் எடுத்து வெக்கறது, இத நெறைய பேர் யோசிக்கறதே இல்ல. ஐபோன்ல ஐக்ளவுட் பேக்கப் தானா நடக்கறது போன் சார்ஜ்ல, வைஃபைல, லாக் ஆகி சும்மா கெடக்கும்போதுதான், ஆண்ட்ராய்டும் கிட்டத்தட்ட அதே மாதிரி சும்மா இருக்கற நேரத்தப் பாத்துத்தான் பண்ணும், அந்த நேரம் ஒரு மனுஷன் நாள்ல எப்போ வரும், ராத்திரிதான். சாஃப்ட்வேர் அப்டேட், ஆப் அப்டேட், ஆண்ட்ராய்ட் உள்ளுக்குள்ள ஆப்களை வேகமா ஓடற மாதிரி சீர் பண்ணி வெக்கற வேலை, போட்டோக்கள்ல மூஞ்சி பாத்து பிரிச்சு வெக்கற வேலை எல்லாம் இதே நேரத்துலதான். தெனமும் ராத்திரி ஆஃப் பண்ணி வெச்சா இதெல்லாம் தள்ளிப் போய்ட்டே இருக்கும், ஒரு நாள் போன் தண்ணில விழுந்து போச்சுன்னா கடைசி பேக்கப் மூணு மாசத்துக்கு முன்னாடி எடுத்ததா இருக்கும். அதனால தெனமும் ஆஃப் பண்றவங்க உடனே செட்டிங்ஸ்ல போய் கடைசி பேக்கப் தேதி என்னன்னு பாருங்க, பழசா இருந்தா இப்பவே கையால ஒரு பேக்கப் எடுத்துடுங்க.

மெசேஜ் விஷயத்துல பெருசா கவலைப்பட வேணாம். எஸ்எம்எஸ் ஆபரேட்டர் கிட்ட காத்திருக்கும், காலைல ஆன் பண்ணதும் வந்துடும். வாட்ஸ்அப் டெலிவரி ஆகாத மெசேஜை சர்வர்ல 30 நாள் வரைக்கும் வெச்சிருக்கும். தவறிப் போற சமாச்சாரம் கால் மட்டும்தான், யார் கூப்பிட்டாங்கன்னே தெரியாமப் போகவும் வாய்ப்பு இருக்கு. அப்புறம் புயல், வெள்ளம், நிலநடுக்கம் மாதிரி ஆபத்துக்கு அரசாங்கம் எல்லா போனுக்கும் ஒரே நேரத்துல சத்தமா அனுப்பற எச்சரிக்கை, அதுவும் ஆஃப்ல இருக்கற போனுக்கு வராது. மழைக்காலத்துல, ஆத்தங்கரை பக்கம் இருக்கறவங்க இத கண்டிப்பா கணக்குல எடுத்துக்கணும்.

இன்னொண்ணு சிம் ஸ்வாப் மோசடி. உங்க பேர்ல ஒருத்தன் டூப்ளிகேட் சிம் வாங்கிட்டா உங்க போன்ல இருக்கற சிம் செத்துடும், பேங்க் ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும். உங்களுக்கு இது தெரியறதுக்கு இருக்கற முக்கியமான அடையாளம் போன்ல திடீர்னு சிக்னல் போறதுதான். போன் ஆஃப்ல இருந்தா அந்த அடையாளமும் தெரியாது, விடிய விடிய அவனுக்கு நேரம். அதுக்காகவே சில பேர் தெரியாத நம்பர்ல இருந்து விடாம கால் பண்ணி தொல்லை குடுப்பாங்க, நீங்க எரிச்சல்ல "சனியன்"னு ஆஃப் பண்ணிடுவீங்கன்னு கணக்கு போட்டு. அந்த மாதிரி கால் மேல கால் வந்தா ஆஃப் மட்டும் பண்ணாதீங்க, சைலன்ட்ல போட்டுட்டு சிக்னல் இருக்கான்னு கவனிங்க. காலைல போனை ஆன் பண்ணி பத்து நிமிஷம் ஆகியும், ரீஸ்டார்ட் பண்ணியும் சிக்னல் வரலன்னா, பக்கத்துல இருக்கறவங்களுக்கு அதே கம்பெனி சிம்ல சிக்னல் இருக்குன்னா, வேற போன்ல இருந்து முதல்ல பேங்க்க கூப்பிட்டு அக்கவுன்ட்ட நிறுத்தி வெக்கச் சொல்லுங்க, அப்புறம் ஆபரேட்டர கூப்பிடுங்க. இந்த வரிசை முக்கியம்.

பேட்டரி விஷயம்

"ராத்திரி ஆஃப் பண்ணா பேட்டரி ஆயுசு கூடும்"னு சொல்றவங்க தப்பான எண்ணத்துல சொல்லல, பழைய காலத்து நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு முழுசா தீத்து முழுசா ஏத்தணும் அது இதுன்னு நெறைய விதி இருந்துச்சு, அதுல பாதி இப்பவும் நம்ம கூடவே வந்துட்டிருக்கு. இப்போ எல்லா போன்லயும் இருக்கறது லித்தியம் அயான். சோனி 1991ல முதல்முதலா கடைக்கு கொண்டு வந்த வகை, இத உருவாக்கினதுக்காக குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூணு பேருக்கும் 2019ல கெமிஸ்ட்ரி நோபல் குடுத்தாங்க. இந்த பேட்டரிக்கு ஓய்வு வேணும், தூங்க வெக்கணும்ங்கறதெல்லாம் கெடையாது. அத வயசாக்கற விஷயம் மூணு: எவ்ளோ சைக்கிள் ஓடியிருக்கு, எவ்ளோ சூட்டுல இருந்துச்சு, எவ்ளோ நேரம் ஃபுல் சார்ஜ்லயே கெடந்துச்சு.

சைக்கிள்னா சார்ஜர்ல சொருகற ஒவ்வொரு தடவயும் கெடையாது, மொத்தமா 100% செலவானாத்தான் ஒரு சைக்கிள், இன்னிக்கு 50 நாளைக்கு 50 செலவானா ரெண்டு நாளும் சேத்துத்தான் ஒண்ணு. இப்போ ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம். ராத்திரி முழுக்க போன் சும்மா ஆன்ல இருந்து 5% இறங்குதுன்னு வெச்சுக்கோங்க. வருஷத்துக்கு 365 ராத்திரி, மொத்தம் 1825%, அதாவது 18 சைக்கிள். ஆப்பிள் தன்னோட ஐபோன் 14 வரைக்கும் உள்ள மாடலுக்கு 500 சைக்கிள் ஆனப்புறமும் 80% கொள்ளளவு இருக்கற மாதிரி டிசைன் பண்ணியிருக்கோம்ங்குது, ஐபோன் 15ல இருந்து 1000 சைக்கிள். அதுக்கு முன்னாடி வருஷத்துக்கு 18ங்கறது கடுகளவுதான், பகல்ல பிரைட்னஸ கொஞ்சம் கொறச்சு வெச்சாலே அதைவிட நெறைய மிச்சம் பிடிக்கலாம்.

ராத்திரி 5% இல்ல, 15 இல்ல 20% இறங்குதுன்னா அது ஆஃப் பண்ணி தீக்க வேண்டிய பிரச்சனை கெடையாது, ஏதோ ஒரு ஆப் உள்ள உக்காந்து தின்னுட்டிருக்குன்னு அர்த்தம். செட்டிங்ஸ்ல பேட்டரிக்குள்ள போனா எந்த ஆப் எவ்ளோ எடுத்துச்சுன்னு லிஸ்ட் இருக்கும், அதுல பேக்ரவுண்ட்னு போட்டு மேல நிக்கறது யாருன்னு பாருங்க. ஸ்கிரீன் அணைஞ்சிருக்கும்போதும் மணி காட்டிட்டே இருக்கற ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளே இருந்தா ராத்திரிக்கு மட்டும் அணையற மாதிரி நேரம் செட் பண்ணுங்க. படுக்கற ரூம்ல சிக்னல் ரொம்ப கம்மியா இருந்தாலும் போன் டவர தேடித் தேடியே சார்ஜ் தீத்துடும், அந்த மாதிரி ரூம்ல போனை ஜன்னல் பக்கமோ ஹால்லயோ வெச்சாலே வித்தியாசம் தெரியும்.

ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டா வெடிச்சிடுமாங்கற பயமும் இதோட சேந்தே வரும். நல்ல போன், நல்ல சார்ஜர்னா 100% வந்ததும் போனே கரண்ட நிறுத்திக்கும், அதுக்கு மேல ஏத்தாது. சேதம் வேற இடத்துல. ஃபுல் சார்ஜ்ல இருக்கற பேட்டரி இழுத்துப் பிடிச்ச ரப்பர் பேண்ட் மாதிரி, அந்த இழுவையிலயே தெனமும் ஆறு மணி நேரம் ஏழு மணி நேரம் நின்னுட்டே இருந்தா சீக்கிரம் தளந்துடும், அதோட சூடும் சேந்தா இன்னும் வேகமா. இதுக்கு போன்லயே வழி வெச்சிருக்காங்க. ஐபோன்ல 2019ல வந்த ஐஓஎஸ் 13ல இருந்தே ஆப்டிமைஸ்டு சார்ஜிங் இருக்கு, நீங்க எப்போ எந்திரிப்பீங்கன்னு பழகிக்கிட்டு 80%ல நிறுத்தி வெச்சிருந்து எந்திரிக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி மிச்சத்த ஏத்தும். ஐபோன் 15ல இருந்து 80%க்கு மேல ஏறவே வேணாம்னும் சொல்லி வெக்கலாம். கூகுள் பிக்சல்ல அடாப்டிவ் சார்ஜிங், சாம்சங்ல பேட்டரி ப்ரொடெக்ஷன்னு தேடுங்க, மத்த கம்பெனிலயும் பேர் மாறுமே தவிர விஷயம் இதேதான். ஒரு நாள் முழுக்க உங்களுக்கு 80% போதும்னா அந்த லிமிட்ட போட்டுட்டு மறந்துடலாம்.

சூட்டுக்கு கையால செய்ய வேண்டியது என்னன்னா, போனை தலகாணிக்கு அடில, போர்வைக்குள்ள, மெத்தை மேல வெச்சு சார்ஜ் போடவே போடாதீங்க. இது பேட்டரி ஆயுசு பத்தின பேச்சு மட்டும் இல்ல, சூடு வெளிய போக வழியில்லாம போய் தீப்பிடிக்கற ஆபத்து இருக்கு, குழந்தைங்க படுக்கற கட்டில்ல இன்னும் கவனம் வேணும். மேசை, அலமாரி, தரைன்னு கெட்டியான எடத்துல வைங்க. ராத்திரி நேரம் நெறைய இருக்கறதால ஃபாஸ்ட் சார்ஜர் தேவையே இல்ல, பழைய ஸ்லோ சார்ஜர் வீட்ல இருந்தா அதுவே நல்லது, போன் சூடாகாம ஏறும். வயர்லெஸ் சார்ஜிங்ல சூடு இன்னும் கொஞ்சம் கூடுதல், ராத்திரிக்கு வயர்தான் என் சாய்ஸ். போனோட முதுகு உப்பின மாதிரி தெரிஞ்சா, ஸ்கிரீன் ஓரத்துல தூக்கிக்கிட்டு இடைவெளி தெரிஞ்சா, அன்னிக்கு ராத்திரி ஆஃப் பண்ணலாமா வேணாமாங்கற பேச்சே கெடையாது, உடனே ஆஃப் பண்ணிட்டு சார்ஜ் போடாம, படுக்கற ரூமுக்கு வெளிய, தீப்பிடிக்கற சாமான் பக்கத்துல இல்லாம வெச்சிட்டு மறுநாளே சர்வீஸ் சென்டருக்கு கொண்டு போங்க. அத அமுக்கிப் பாக்கறது, ஊசியால குத்தறது எதுவும் வேணாம்.

தூக்கத்துக்கு என்ன பண்ணலாம்

ஆஃப் பண்ண நெனைக்கற பாதி பேரோட உண்மையான பிரச்சனை இதுதான். டிங்னு ஒரு சத்தம், ரூம்ல ஒரு வெளிச்சம், கண்ணு முழிச்சா கை தானா போனுக்குப் போகும், மணி பாக்க எடுத்தவங்க அரை மணி நேரம் வீடியோ பாத்துட்டு வெப்பாங்க. ஸ்கிரீன் வெளிச்சமும் தூக்கத்த தள்ளுது, பாஸ்டன்ல ப்ரிகாம் அண்ட் விமன்ஸ் ஆஸ்பத்திரில பண்ணி 2014 கடைசில வெளியான ஒரு ஆய்வுல படுக்கறதுக்கு முன்னாடி நாலு மணி நேரம் ஃபுல் பிரைட்னஸ்ல ஐபேட்ல படிச்சவங்களுக்கு, பேப்பர் புக் படிச்சப்போ ஆனதைவிட தூக்கம் வர சுமார் 10 நிமிஷம் கூடுதலா ஆச்சு. நாலு மணி நேரத்துக்கு 10 நிமிஷம்தான். என்னக் கேட்டா வெளிச்சத்தைவிட உள்ள பாக்கற விஷயம்தான் தூக்கத்த அதிகமா கெடுக்குது, ஆபீஸ் மெயில் ஒண்ண படிச்சிட்டு படுத்தா எந்த நைட் மோடும் காப்பாத்தாது.

அதனால முதல் வேலை, போனை கை எட்டற தூரத்துல வெக்காதீங்க. ரூமோட அந்தப் பக்கம் சுவத்தோரம் வெச்சா அலாரம் கேக்கும், அவசர கால் வந்தா மணி கேக்கும், ஆனா எடுக்கணும்னா எந்திரிச்சு நடக்கணும். அந்த நாலு அடி நடைக்கு சோம்பல்பட்டே பாதி ராத்திரி போனைத் தொடாம போய்டுவோம். காலைல அலாரத்த ஸ்னூஸ் போட்டுட்டே இருக்கற பழக்கமும் இதுலயே கொறையும்.

ரெண்டாவது டூ நாட் டிஸ்டர்ப், அதாவது கால், மெசேஜ் சத்தத்த அடக்கி வெக்கற வசதி. இத பலரும் ஆன் பண்ணிட்டு அப்படியே விட்டுடறாங்க, உள்ள போய் யாரை மட்டும் விடணும்னு சொல்றதுலதான் இதோட மொத்த பலனும் இருக்கு. ஐபோன்ல செட்டிங்ஸ்ல ஃபோகஸ், அதுல ஸ்லீப் இல்லன்னா டூ நாட் டிஸ்டர்ப், அதுக்குள்ள பீப்பிள்னு இருக்கும், அதுல வீட்டாளுங்க நம்பர சேருங்க. அங்கயே "ரிப்பீட்டட் கால்ஸ்"னு ஒண்ணு இருக்கும், அத ஆன் பண்ணா ஒரே ஆள் மூணு நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது தடவ கூப்பிட்டா மணி அடிக்கும், லிஸ்ட்ல இல்லாதவங்களா இருந்தாலும். ஆண்ட்ராய்டுலயும் இதே வசதி இருக்கு, அங்க 15 நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது கால் வரணும், வேண்டியவங்கள கான்டாக்ட்ஸ்ல ஸ்டார் போட்டு வெச்சிட்டு "ஸ்டார்டு கான்டாக்ட்ஸ் மட்டும்"னு செலக்ட் பண்ணிக்கலாம். ஆண்ட்ராய்ட் செட்டிங்ஸ்ல டிஜிட்டல் வெல்பீயிங் உள்ள பெட்டைம் மோட் இருந்தா நேரம் போட்டு விட்டுடுங்க, ராத்திரி பத்து மணிக்கு தானா ஆன் ஆகும், காலைல தானா போகும், தெனமும் ஞாபகம் வெச்சுக்க வேண்டியதில்ல.

ஆண்ட்ராய்டுல ஒரு எடத்துல மட்டும் உஷாரா இருங்க. டூ நாட் டிஸ்டர்ப் உள்ள அலாரம்ஸ்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அது ஆன்ல இருக்கணும். சில போன்ல "டோட்டல் சைலன்ஸ்"னு ஒண்ணு இருக்கும், அதப் போட்டா அலாரமும் அடிக்காது.

எல்லாம் செட் பண்ணிட்டு சோதிச்சுப் பாக்காம தூங்கப் போகாதீங்க. டூ நாட் டிஸ்டர்ப ஆன் பண்ணி போனை மேசை மேல வெச்சிட்டு, லிஸ்ட்ல இருக்கற ஒருத்தர கால் பண்ணச் சொல்லுங்க, மணி அடிக்கணும். லிஸ்ட்ல இல்லாத ஒருத்தர கால் பண்ணச் சொல்லுங்க, அமைதியா இருக்கணும். அவரையே உடனே இன்னொரு தடவ பண்ணச் சொல்லுங்க, இப்போ அடிக்கணும். சைட்ல இருக்கற வால்யூம் பட்டன மீடியாவுக்குன்னு நெனச்சு கொறச்சு ரிங்டோன் வால்யூமே சுழியத்துல கெடக்கும் பல போன்ல, அதுவும் இந்த சோதனைல தெரிஞ்சிடும். அப்பா அம்மா கிட்ட ஒரே ஒரு விஷயம் சொல்லி வைங்க: ராத்திரி அவசரம்னா வாட்ஸ்அப் கால் வேணாம், சாதாரண போன் கால் பண்ணுங்க, எடுக்கலன்னா உடனே இன்னொரு தடவ பண்ணுங்க. இத அவங்க போன்லயே ஒரு தடவ பண்ண வெச்சுக் காட்டிடுங்க, சொன்னா மறந்துடும், கையால பண்ணா மறக்காது.

ஃப்ளைட் மோட் போடலாமான்னு கேக்கறவங்களுக்கு: போடலாம், அலாரம் அடிக்கும், ஆனா யார் கூப்பிட்டாலும் வராது, எச்சரிக்கை மெசேஜும் வராது. கால் வேணாம், அலாரம் மட்டும் வேணும்ங்கறவங்களுக்கு ஆஃப் பண்றதைவிட இதுதான் சரி. ஃப்ளைட் மோட் போட்ட பிறகு வைஃபைய மட்டும் திரும்ப ஆன் பண்ணிட்டு சார்ஜ்ல போட்டா பேக்கப்பும் நடந்துடும்.

ரேடியேஷன் பத்தி ரொம்ப நீட்ட வேணாம்னு நெனைக்கறேன். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2011ல மொபைல் மாதிரி கருவிங்கள்ல இருந்து வர்ற ரேடியோ அலைய "2பி", அதாவது புற்றுநோய் வர வெக்கலாம்ங்கற சந்தேகப் பட்டியல்ல வெச்சது உண்மை, அதே உலக சுகாதார நிறுவனம் கேட்டு பண்ண 2024 ஆய்வுத் தொகுப்புல போன் உபயோகத்துக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இல்லன்னு முடிவு வந்ததும் உண்மை. சும்மா கெடக்கற போன் எப்பவாவது ஒரு தடவதான் டவரோட பேசும். தூரம் ரெண்டு மடங்கானா அலையோட வலிமை சுமார் நாலுல ஒரு பங்கா கொறையும், அதனால சுவத்தோரம் வெச்சா அதுலயே இந்தக் கவலையும் முடிஞ்சிடுது.

வாரத்துக்கு ஒரு ரீஸ்டார்ட்

அமெரிக்காவோட உளவு அமைப்பான நேஷனல் செக்யூரிட்டி ஏஜென்சி 2020ல போட்ட மொபைல் பாதுகாப்பு குறிப்புல வாரத்துக்கு ஒரு தடவ போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு இருக்கு. ஆஸ்திரேலியா பிரதமர் ஆன்டனி ஆல்பனீஸி 2023 ஜூன்ல இன்னும் ஒரு படி மேல போய், தெனமும் ராத்திரி அஞ்சு நிமிஷம் ஆஃப் பண்ணுங்க, பல் தேய்க்கற நேரத்துல பண்ணுங்கன்னு மக்களுக்கு சொன்னாரு. காரணம் என்னன்னா, நீங்க எந்த லிங்கையும் தொடாமலே உள்ள வர்ற சில உளவு சாஃப்ட்வேர் போனோட மெமரில மட்டும்தான் இருக்கும், ஸ்டோரேஜ்ல பதியாது. ரீஸ்டார்ட் பண்ணா அது அழிஞ்சு போய்டும், திரும்ப வரணும்னா அனுப்பினவன் மறுபடி மொதல்ல இருந்து தாக்கணும். எல்லா வகையும் இதுக்கு அடங்காது, ஆனா ஒரு நிமிஷ வேலைக்கு இவ்ளோ பலன் கெடைக்கும்போது ஏன் விடணும்.

இன்னொரு லாபமும் இருக்கு. போனை ரீஸ்டார்ட் பண்ணி இன்னும் ஒரு தடவ கூட பின் நம்பர் போடாம இருக்கும்போது உள்ள இருக்கற உங்க டேட்டா பூட்டின நெலமைலதான் இருக்கும், அந்தப் பூட்டோட சாவி உங்க பின் போட்டாத்தான் வெளிய வரும். அதனாலதான் ரீஸ்டார்ட் ஆனதும் விரல் ரேகைய ஏத்துக்காம பின்னயே கேக்குது. திருட்டுப் போன போனைத் திறக்க முயற்சி பண்றவனுக்கு இதுதான் கஷ்டமான நெலம. இந்தக் காரணத்துக்காகவே ஐஓஎஸ் 18.1ல இருந்து மூணு நாள் திறக்காம கெடக்கற ஐபோன் தானா ரீஸ்டார்ட் ஆகுது, 2025ல ஆண்ட்ராய்டுக்கும் அதே மாதிரி கொண்டு வந்தாங்க. சாதாரண பலன்களும் உண்டு, மெமரிய பிடிச்சு வெச்சிட்டு விடாம இருந்த ஆப் விடும், நெட்வொர்க் புதுசா பதியும், டவுன்லோட் ஆகி காத்திருக்கற அப்டேட் உள்ள ஏறும்.

ஆனா இத எந்த நேரத்துல பண்றோம்ங்கறது முக்கியம். ரீஸ்டார்ட் பண்ணிட்டு பின் போடாம அப்படியே படுத்துட்டா என்ன நடக்கும்னு பாருங்க. கான்டாக்ட்ஸ் பூட்டியிருக்கறதால ஐபோன்ல கால் வந்தா பேர் வராது, வெறும் நம்பர் மட்டும் வரும், அப்போ டூ நாட் டிஸ்டர்ப்ல நீங்க குடுத்து வெச்ச பேர் லிஸ்ட்ட நம்பி இருக்க முடியாது. வாட்ஸ்அப் சத்தமும் போனைத் திறக்கற வரைக்கும் வராமப் போகலாம். ஆண்ட்ராய்ட் 7ல இருந்து போனோட கூட வந்த கடிகார ஆப் பூட்டின நெலமையிலயும் அலாரம் அடிக்கும், நீங்க தனியா டவுன்லோட் பண்ண அலாரம் ஆப் அடிக்கும்னு உத்தரவாதம் இல்ல. சிம்முக்கு பின் போட்டு வெச்சிருந்தா அதப் போடற வரைக்கும் நெட்வொர்க்கே வராது, உங்களக் கூப்பிடறவங்களுக்கு போன் ஆஃப்ல இருக்கற மாதிரிதான். சாம்சங்ல டிவைஸ் கேர் உள்ள தானா ரீஸ்டார்ட் ஆக நேரம் வெக்கற வசதி இருக்கு, அவசர கால் எதிர்பாக்கறவங்க அத நடு ராத்திரிக்கு வெக்காதீங்க.

அதனால இப்படிப் பண்ணுங்க. வாரத்துல ஒரு நாள குறிச்சுக்கோங்க, ஞாயித்துக்கெழமை ராத்திரி பல் தேய்க்கப் போறதுக்கு முன்னாடி போனை முழுசா ஆஃப் பண்ணுங்க. பல் தேய்ச்சிட்டு வந்து ஆன் பண்ணுங்க. சிம் பின் கேட்டா போடுங்க, போன் பின் போட்டுத் திறங்க, சிக்னல் கம்பி வந்துச்சான்னு பாருங்க, வாட்ஸ்அப்ப ஒரு தடவ திறந்து மூடுங்க, அலாரம் ஆன்ல இருக்கான்னு பாருங்க, டூ நாட் டிஸ்டர்ப் போட்டு சுவத்தோரம் சார்ஜ்ல வெச்சிட்டு படுங்க.

தெனமும் ஆஃப் பண்ணித்தான் படுப்பேன்னா

தாராளமா பண்ணலாம், போனுக்கு அதனால ஒரு கெடுதலும் கெடையாது, "அடிக்கடி ஆஃப் ஆன் பண்ணா போன் கெட்டுடும்"ங்கறதெல்லாம் நம்பாதீங்க. ஆன் ஆகும்போது ப்ராசசர் ஒரு நிமிஷம் முழு வேகத்துல ஓடி கொஞ்சம் சார்ஜ் எடுக்கும், அவ்ளோதான். தனியா ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கோங்க, அவசரத்துக்கு வேற நம்பர் ஒண்ணு வேண்டியவங்க கிட்ட குடுத்துடுங்க, பேக்கப்புக்கு வாரத்துல ரெண்டு ராத்திரியாவது ஆஃப் பண்ணாம வைஃபைல சார்ஜ்ல விடுங்க, காலைல ஆன் பண்ணதும் முதல்ல சிக்னலப் பாருங்க, அடுத்து பேங்க் மெசேஜ் ஏதாவது வந்திருக்கான்னு பாருங்க. போன் ஆஃப்ல இருக்கும்போது தொலஞ்சு போனா கண்டுபிடிக்க முடியாதேன்னு பயம் இருந்தா, ஐபோன் 11ல இருந்து பெரும்பாலான மாடல்கள ஐஓஎஸ் 15க்கு அப்புறம் ஆஃப்ல இருந்தாலும் ஃபைண்ட் மைல தேடலாம், பிக்சல் 8ல இருந்து கூகுள்லயும் அந்த வசதி இருக்கு, ஆஃப் பண்றதுக்கு முன்னாடியே அது ஆன்ல இருக்கான்னு பாத்து வெச்சுக்கணும்.

கண்டிப்பா ஆஃப் பண்ண வேண்டிய போன் ஒண்ணு இருக்கு, அது நீங்க உபயோகிக்காம அலமாரில போட்டு வெக்கற பழைய போன். அத ஃபுல் சார்ஜ்லயும் வெக்காதீங்க, சுத்தமா தீந்து போகவும் விடாதீங்க, 50% வாக்குல இருக்கும்போது ஆஃப் பண்ணி வெயில் படாத, சூடு இல்லாத எடத்துல வைங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ எடுத்து ஆன் பண்ணி திரும்ப 50% வரைக்கும் ஏத்தி ஆஃப் பண்ணி வைங்க. எடுக்கும்போதே முதுகு உப்பியிருக்கான்னும் தடவிப் பாத்துக்கோங்க.